கழுவிக் காட்டிய கால்

கிளினிக்குக்குப் போன அன்று என் வலது காலைக் கழுவிக்கொண்டுதான் போனேன். வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் ஒற்றி, சீழ் கசிகிற ஓட்டையைச் சுற்றியிருந்த காய்ந்த பொருக்கைக்கூட நகத்தால் எடுத்துவிட்டேன். அதோடும் விடவில்லை. மகளுக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்த கப்சூல் குளிசைகள் வீட்டில் மிச்சம் கிடந்தன. போவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே அவற்றை யாருக்கும் தெரியாமல் விழுங்கி வந்தேன். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முற்றத்தைக் கூட்டி வைப்போம்தானே. டொக்டர் பார்க்கிற காலும் அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் உடம்புக்குள் தகடோ கம்பியோ வைத்துக்கொண்டு, அதில் ஏதாவது வந்தால் வெளியே சொல்ல வெட்கப்படுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது வாசிக்கட்டும் என்றுதான் பேனையைப் பிடித்திருக்கிறேன்.

சாய்ந்தமருதில் ஓட்டோ ஓடுகிறேன். மழை பெய்த ஓர் அந்தியில் மாவடிப்பள்ளிப் பாதையில் மாடொன்று குறுக்கே வந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டோ புரண்டு என் வலது காலின் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி, எலும்பை நேராக்கி, நீளமான தகடொன்றை வைத்து ஆணிகளால் இறுக்கிவிட்டார்கள். எலும்பு ஒட்டும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தகட்டின் வேலை.

காயம் ஆறியது. நொண்டி நொண்டி நடந்தேன், பிறகு ஓட்டோவும் எடுத்தேன். ஒரு வருடம் கழியும்போது, பழைய தழும்பின் ஓரத்தில் நுளம்பு கடித்ததுபோல ஒரு சிவப்பு வந்தது. பிறகு அது உடைந்து மஞ்சள் தண்ணீர் கசிந்தது. ஆறும், மூடும், மறுபடி உடையும். இடுப்பில் உடுத்தும் சாறனை இறக்கிக் கட்டினால் வெளியே தெரியாது. மணம்தான் தெரியும். ஒரு நாள் ஓட்டோவில் வந்த ரீச்சர் ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்தபடி வந்தார். அவரை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

பள்ளிவாசலுக்குப் போவதையும் குறைத்தேன். சீழ் பட்ட உடுப்போடு ஸஃப்பில், தோளோடு தோள் ஒட்டிய தொழுகை வரிசையில், எப்படி நிற்பது? நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் ஸலாம் கொடுக்க முகத்தைத் திருப்பும்போது என்ன மணப்பார் என்று யோசித்தே தொழுகையை விட்டுவிடுவேன். என் மனைவி சுபைதாதான் கால் சுற்றும் துணிகளை வேறாகத் துவைத்து, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் காயப்போடுவாள். நான் சொல்லாமலே அப்படிச் செய்தாள். அதைக் காணும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்துவிடும்.

அவளுடைய கரைச்சல் தாங்காமல்தான் கிளினிக்குக்குப் போனேன். நீண்ட வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த நேரமெல்லாம் என்னைச் சுற்றியிருந்தவர்களின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"சீழ் வருது எண்டு சொன்னீங்க. இது நல்லாக் காஞ்சு கிடக்கே?"

"இப்ப கொஞ்சம் சுகம் டொக்டர்."

"குளிசை ஏதும் போட்டனீங்களா?"

"இல்ல டொக்டர்."

ஓட்டைக்குள் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துக் 'கல்ச்சர்' பார்க்க அனுப்பினார். எடுத்த சீழைத் தீனி போட்ட தட்டில் தடவி, சூட்டில் வைத்து, என்ன கிருமி முளைக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பதுதான் அது. முடிவு வர நாளாகும். அந்த நாட்களில் எனக்கு வராத வருத்தமில்லை. காய்ச்சலா என்று மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். கால் விரல்கள் நீலமா கறுப்பா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் முடிவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் முளைக்கல்ல. ஒரு கிருமியுமில்ல எண்டு வந்திரிக்கி. ஆனா ரத்தச் சோதனையில கிருமிக் கொதிப்பு கூடக் காட்டுது, எக்ஸ்ரேயும் சரியில்ல. எனக்கு நம்பேலாம இருக்கு."

பின்னால் நின்ற சுபைதா முன்னே வந்தாள்.

"போட்டவர் டொக்டர். மகள்ற பல்லுக் குளிசைய இவர்தான் திண்டு முடிச்ச. வெறும் மட்டையக் குப்பையில கண்டன். உங்களுக்கிட்டக் கால வடிவாக் காட்டணுமாம்."

டொக்டர் ஏசுவார் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டு அவர் சிரித்ததுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

"காக்கா, கல்யாணத்துக்குப் பொண்ணு காட்டுற மாதிரியா எனக்குக் கால் காட்டுறீங்க? நீங்க போட்ட குளிசை மேலால உள்ள கிருமியத்தான் மயக்கின. தகட்டில உள்ளது அப்பிடியே இரிக்கி."

பிறகு எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். தண்ணீர்த் தாங்கியின் உட்சுவரைத் தடவினால் ஒரு வழுவழுப்பு கையில் படும். தண்ணீரை எத்தனை தரம் மாற்றினாலும் அது போகாது. தகட்டிலும் கிருமிகள் அப்படி ஒரு வழுவழுப்பைக் கட்டிக்கொண்டு அதற்குள்ளே இருக்கின்றன. மருந்து இரத்தத்தில்தான் ஓடுகிறது. இரும்புக்குள் இரத்தம் ஓடாது. அதனால் மருந்து அவற்றைத் தொடாது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, தகட்டை எடுப்பதா விடுவதா என்று சொல்லலாம். அதற்கு இரண்டு கிழமை எந்தக் குளிசையும் போடாமல், கசிகிறது கசியட்டும் என்று விட்டுவிட்டு வர வேண்டும்.

"இந்த முறையும் ஒளிச்சி மருந்து போட்டீங்களெண்டா இருட்டில கைபோட்ட மாதிரித்தான் நான் வைத்தியம் செய்யணும். கிருமி எலும்புக்குள்ள போய்ட்டா காலுக்கே பொறுப்புச் சொல்லேலாது."

அந்த இரண்டு கிழமைக்குள் என் ஒரே மகள் ஹஸ்னாவின் கல்யாணம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீட்டை மகளுக்கென்று ஒதுக்கிவிட்டு நானும் சுபைதாவும் பின்னறைக்கு மாறியிருந்தோம். மாப்பிள்ளை றிஸ்வான், நிந்தவூர்ப் பையன், குளிரூட்டி திருத்துகிற வேலை. அவர்கள் பக்கத்துக்கு என் கால் முறிந்தது தெரியும். சீழ் வடிகிறது தெரியாது.

"ஒரு மாதம் பின்னுக்குப் போடுங்களன்," என்றாள் சுபைதா.

"என்னெண்டு சொல்ற? பொண்ணுட வாப்பாக்குக் கால் அழுகுதெண்டா?"

"ஓம், அப்பிடித்தான் சொல்ற. இல்லாததையா சொல்றம்?"

நான் சம்மதிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய நாள், எங்கள் ஊரில் என்னைத் தெரியுமென்று கல்முனைக்குப் போய், வேறொரு பார்மசியில் அதே கப்சூலில் ஒரு மட்டை வாங்கிச் சட்டைப் பொக்கட்டில் வைத்தேன். ஒரு நாளைக்கு மட்டும் போட்டால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே கதை சொன்னேன். போடவும் பயம், போடாமலிருக்கவும் பயம்.

நிக்காஹ் பள்ளிவாசலில். அதற்கு முன் தகப்பன் சாட்சிகளோடு வீட்டுக்குள் போய் மகளிடம் சம்மதம் கேட்க வேண்டும். நானும் சுபைதாவின் இரண்டு சகோதரர்களும் அறைக்குள் போனோம். கை நிறைய மருதோன்றியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் ஹஸ்னா. நான் தொண்டையைச் செருமி, மாப்பிள்ளையின் பெயரும் அவர் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரும் சொல்லி, "இவருக்கு உங்கள நிக்காஹ் செஞ்சி குடுக்கச் சம்மதமா மகள்?" என்று கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"வாப்பா, பொக்கட்டில என்ன?"

"ஒண்டுமில்ல."

"வெள்ளச் சட்டைக்குள்ளால சிவப்பு மட்டை தெரியுது. அதத் தாங்க."

"புள்ள, பள்ளியில ஆக்கள் காத்துக்கிட்டு இரிக்காங்க. சம்மதம் எண்டு சொல்லுங்க."

"முதல்ல அதத் தாங்க. பிறகு சொல்றன்."

மூத்த மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். இளைய மச்சான், "குடுங்க மச்சான், பொண்ணு மாட்டனெண்டா நாங்க சாட்சிக்கு என்னத்தச் சொல்ற," என்றார். மருதோன்றிக் கை என் முன்னால் நீண்டே இருந்தது. மட்டையை எடுத்து அதில் வைத்தேன். இன்னும் உடைக்கவில்லை என்பதை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, மிகவும் மெதுவான குரலில், "சம்மதம்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் சொல்லிக்கொடுக்கும்போது குனிந்து குனிந்து சாறனைத்தான் பார்த்தேன். எல்லோரும் அதை மகள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். சாறனுக்குள் துணி நனைவது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு சாப்பாடு. சஹன் வைப்பதுதான் எங்கள் வழமை. ஒரு பெரிய தட்டு நிறையச் சோற்றை நடுவில் வைத்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். பெண்ணின் தகப்பன் என்று என்னை மாப்பிள்ளையின் தகப்பன் இருந்த சஹனில் இருத்தினார்கள். மற்றவர்கள் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். என் கால் மடங்காது. நீட்டத்தான் வேண்டும். நீட்டிய கால் தட்டின் ஓரத்தில் வந்து நின்றது.

மூடியைத் திறந்தார்கள். ஆவி அடங்கியதும் மாப்பிள்ளையின் பெரியவாப்பா, சம்மந்தியின் அண்ணன், இரண்டு பக்கமும் மணந்து பார்த்தார்.

"என்ன, இதில ஆரும் மீன் கழுவின தண்ணி ஊத்தினயா?"

"நீங்க கல்யாண வீட்டிலயும் கருவாடுதான் தேடுற," என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சாறனின் நனைந்த இடத்தைக் கண்டுவிட்டார். அவர் கண் அங்கே நின்றது.

"என்ட கால்தான்," என்றேன். "உள்ள வச்ச தகட்டில நோய் புடிச்சிட்டு. மருந்து போட வேணாமெண்டு டொக்டர் சொன்ன."

பெரியவாப்பா, "கை கழுவிட்டு வாறன்," என்று எழும்பிப் போனார். திரும்பி வரவில்லை. அவருக்கு முன்னால் இருந்த சோறு மட்டும் தின்னாமல் சுவர்போல நின்றது. மற்றவர்கள் குனிந்து சாப்பிட்டார்கள். சம்மந்தி ஒரு பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளி, "தின்னுங்க," என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தத் துண்டை என்னால் விழுங்க முடியவில்லை. என் மகளுக்கு இந்தச் சபையில் நான் கொடுத்தது இதைத்தானா என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

சொன்ன நாளில் கழுவாமல் கிளினிக்குக்குப் போனேன். இம்முறை ஆழத்திலிருந்து எடுத்து அனுப்பினார்கள். கிருமி முளைத்தது. மனிதரின் தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கிற கிருமிதானாம், இரும்பைக் கண்டால்தான் அதற்குக் குணம் மாறுகிறது. டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள்.

"ஆணியெல்லாம் ஆடுது. எலும்பு பாதிதான் ஒட்டியிரிக்கி. தகடு இறுக்கமா இருந்தா மருந்த வச்சு ஒட்டும்வரைக்கும் சமாளிச்சிரிக்கலாம். இது இப்ப எலும்பப் புடிக்கல்ல, கிருமிக்கு வீடா மட்டும் இரிக்கி."

தகட்டை எடுத்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி, காலுக்கு வெளியே கம்பிச் சட்டமொன்றைப் பூட்ட வேண்டும். தோலுக்கு வெளியிலிருந்து ஊசிக் கம்பிகள் எலும்புக்குள் போகும். பல மாதம் அதோடு இருக்க வேண்டும்.

"எடுக்காம விட்டா, டொக்டர்?"

"இப்பிடியே கசிஞ்சிக்கிட்டு இரிக்கும். ஒரு நாளைக்கு எலும்பு முழுக்கப் போகும், இல்லாட்டி கிருமி ரத்தத்தில ஏறும். பிறகு நாங்க கதைக்கிறது தகட்டப் பத்தியா இருக்காது. காலப் பத்தித்தான்."

"எடுத்தாக் கால் தப்புமா?"

"நூறு வீதமெண்டு சொல்ல மாட்டன். ஆனா நிறையப் பேருக்குத் தப்பியிரிக்கி."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருந்தது? புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூடச் சரியாக ஆகவில்லை. காலில் கம்பிக் கூட்டோடு மாமனார் பின்னறையில் கிடந்தால் அவர் வீட்டார் வந்துபோகும்போது என்ன சொல்வார்கள்? கொஞ்சம் பழகியபிறகு, நோன்புக்குப் பிறகு, என்று தள்ளப் பார்த்தேன். சுபைதா சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

"கூடு இரிந்தாத்தான் மருமகனுக்குத் தெரியும். கால் இல்லாமக் கிடந்தாத் தெரியாது, என்ன?"

அடுத்த நாள் போய்க் கையெழுத்து வைத்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நோவில்லை. ஆனால் ஆணி கழற்றுகிற சத்தம் கேட்டது, ஓட்டோ கராஜில் கேட்கிற அதே சத்தம். தகட்டைக் காட்டச் சொன்னேன். ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். கறுப்போ துருவோ இல்லை. மேலே மெல்லிய, நிறமில்லாத ஒரு பசை, அவ்வளவுதான். அதைக் கழுவி மறைக்கத்தான் இவ்வளவு பாடும் பட்டேன்.

வார்ட்டுக்குக் கொண்டுவந்ததும் அடுத்த கரைச்சல் தொடங்கியது. ஆண்கள் வார்ட்டில் நோயாளியோடு நிற்க ஆண்களைத்தான் விடுவார்கள். எனக்கு ஆண்பிள்ளை இல்லை. மச்சான்மார் இருவரும் வயலில் நெல் வெட்டில். சுபைதா பார்வை நேரத்துக்குக் கஞ்சியோடு வந்து, மணி அடித்ததும் அழுதுகொண்டு போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் வந்து உட்கார்ந்தவர் றிஸ்வான். கல்யாணப் புதுக் கைக்கடிகாரம் இன்னும் கையில் மினுங்கியது.

"மாமா, என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்க."

"ஒண்டும் வேணாம் மகன். நீங்க படுங்க."

எனக்கு வேண்டியிருந்தது மூத்திரப் போத்தல். எழும்ப முடியாது. வார்ட் ஆள் ஒருவர்தான், அவரும் மற்றப் பக்கம். இந்தப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? வீட்டில்கூட நான் சாறனைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டுதான் இவர் முன்னால் வருவேன். அடக்கினேன். வயிறு கல்லாகியது. கடைசியில் நேர்ஸ் வந்து அடிவயிற்றை அமத்திப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏன் சொல்லாம இரிக்கிறீங்க? இன்னும் கொஞ்ச நேரத்தில போகாட்டி குழாய் போட வேண்டி வரும். ஒரு தகட்டுக் கிருமிய இப்பத்தான் எடுத்து முடிச்சிரிக்கி. குழாயாலயும் கிருமி ஏறும், தெரியுமா?"

நேர்ஸ் போனார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, "மகன்," என்றேன். றிஸ்வான் குனிந்து கட்டிலுக்குக் கீழிருந்து போத்தலை எடுத்தார். அவர் முகமும் சிவந்துதான் இருந்தது.

"எனக்கும் வெக்கமாத்தான் இரிக்கி மாமா. ரெண்டு பேரும் கண்ண மூடிக்கொள்ளுவம்."

பக்கத்துக் கட்டிலில் விநாயகபுரத்து மீன்பிடிகாரர் ஒருவர், இடுப்பு முறிந்து கிடந்தவர், அங்கிருந்து கத்தினார். "ரெண்டு பேரும் மூடினா போத்தல் எங்க எண்டு நானா பாத்துச் சொல்ற?"

வார்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததில் போர்வை கொஞ்சம் நனைந்தது. றிஸ்வான் அதையும் மாற்றினார்.

ஊசி மருந்து பல கிழமை ஏறியது. வார்ட்டில் இல்லாத ஒரு மருந்தைச் சம்மந்திதான் வெளியே அலைந்து வாங்கிக் கொடுத்தார். பெரியவாப்பா ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. இப்போது வீட்டில் இருக்கிறேன். இரத்தத்தில் கிருமிக் கொதிப்பு இறங்கியிருக்கிறது. ஓட்டை மூடி, மூடியபடியே இருக்கிறது. எலும்பு ஒட்டும் என்கிறார் டொக்டர். ஒட்டும்வரை பயம்தான். சட்டக் கம்பிகள் தோலுக்குள் போகும் ஒவ்வொரு இடத்தையும் தினமும் உப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். அதிலும் கிருமி வரலாம். சின்னச் சிவப்பு கண்டாலும் அன்றைக்கே வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலையில் ஒரு கம்பியடியில் ஈரம் தெரிந்தது. சுபைதா சந்தைக்குப் போயிருந்தாள், மகள் குளித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் றிஸ்வான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம் வாயைத் திறந்து மூடினேன். பிறகு கூப்பிட்டேன். கறியோடு வலக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க மகன். அவசரமில்ல. கம்பியடியில ஈரமாத் தெரியுது, அவ்வளவுதான்."

அவர் குனிந்து, சாறனை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது வேர்வை போலதான் இரிக்கி. எண்டாலும் துடைச்சிப் பாப்பம்," என்று உப்புத் தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுத்தார். "திங்கிறது வலக் கைதானே மாமா. இடக் கை சும்மாத்தானே இரிக்கி."